கழுத்துக்குள் எட்டு வாய்க்கால்... ஆளுக்கு ஆள் மாறும் பாதை!

"கழுத்து நரம்பு புடைக்கக் கத்துறான் பாரு!" இந்த வசனம் கேட்காத தமிழ் வீடு இருக்காது. ஆனால், கத்தும்போது கழுத்தின் பக்கவாட்டில் புடைப்பது நரம்பே அல்ல. தலையிலிருந்து இதயத்துக்கு அசுத்த ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் சிரை.

தமிழில் 'நரம்பு' என்ற சொல்லுக்கு வேலை ஜாஸ்தி. மூளையின் கட்டளையைச் சுமப்பதும் நரம்பு, குளுக்கோஸ் ஏற்றுவதும் நரம்பு. 'நரம்பு ஊசி' என்கிறோம். வீணையில் கட்டியிருப்பதும் நரம்புதான். பேச்சில் இது பிரச்னை இல்லை. ஆபரேஷன் டேபிளில் மட்டும் எது நரம்பு, எது சிரை, எது தமனி என்று பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். மூன்றும் ஒட்டி உரசிக்கொண்டு ஓடும் இடம் கழுத்து. அதிலும் தமனி இருக்கிறதே... அது பாடப்புத்தகத்தில் போட்ட படத்தைப் பார்த்து வளர்வதில்லை. எங்கே கிளை விட வேண்டும், எத்தனை கிளை விட வேண்டும் என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஒரே ஆளுக்கே வலது பக்கம் ஒரு மாதிரி, இடது பக்கம் வேறு மாதிரி இருப்பதும் சகஜம்.

ஒரு விரலால் தொட்டுப் பாருங்கள்

குரல்வளை மேட்டிலிருந்து விரலைப் பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தினால், ஓரிடத்தில் துடிப்பு தட்டுப்படும். அதுதான் கரோட்டிட் தமனி. ஒரு பக்கம் மட்டும், லேசாகத் தொட்டால் போதும். இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தவே கூடாது. ரத்த அழுத்தத்தை உணரும் சென்சார் போன்ற ஒரு பகுதி அங்கே இருக்கிறது. அழுத்தினால் இதயத்துடிப்பு சட்டெனக் குறைந்து மயக்கம் வரலாம். 'கரோட்டிட்' என்ற பெயரே ஆழ்ந்த மயக்கத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவிகிதம். ஆனால், ஓய்வாக இருக்கும்போது இதயம் அனுப்பும் ரத்தத்தில் சுமார் 15 சதவிகிதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதில் பெரும்பகுதி போவது இந்த இரண்டு கரோட்டிட்கள் வழியாக. ஒவ்வொன்றின் குறுக்களவும் சுமார் 6 முதல் 7 மில்லிமீட்டர்தான்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதன் அமைப்பைப் புரியவைப்பது சுலபம். அணைக்கரை கீழணையை நினைத்துக்கொள்ளுங்கள். கொள்ளிடத்துத் தண்ணீர் அங்கிருந்து வடவாறாக வீராணத்துக்குப் போகிறது. வடக்கு ராஜன், தெற்கு ராஜன் என்று வாய்க்கால்களாகவும் பிரிகிறது. கழுத்தில் குரல்வளை மேட்டின் மேல்விளிம்பு உயரத்தில் அப்படி ஒரு கீழணை இருக்கிறது. பொதுக் கரோட்டிட் அங்கே இரண்டாகப் பிரியும். உள் கரோட்டிட் வழியில் யாருக்கும் சொட்டு ரத்தம் கொடுக்காமல் நேராக மூளைக்குப் போகிறது, வீராணத்துக்குப் போகிற வடவாறு மாதிரி. வெளிக் கரோட்டிட்தான் பாசன வாய்க்கால். தைராய்டு, நாக்கு, முகம், தொண்டைச் சுவர், பின்தலை, காதின் பின்புறம், தாடையின் உட்புறம், நெற்றிப்பொட்டு என்று எட்டுக் கிளை விட்டு, எட்டு இடத்துக்கும் பாய்கிறது.

இது புத்தகத்தில் உள்ள கணக்கு. மருத்துவ மாணவர்கள் முதல் வருடத்தில் ஓர் ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளை வைத்து இந்த எட்டையும் வரிசையாக மனப்பாடம் செய்வார்கள். பிறகு உடற்கூறியல் கூடத்துக்குள் நுழைந்து நிஜக் கழுத்தைத் திறந்து பார்த்தால், எட்டுக்குப் பதில் ஏழு வாய்தான் இருக்கும். நாக்குக்கும் முகத்துக்கும் போக வேண்டிய இரண்டும் ஒரே தலைமதகில் கிளம்பி, கொஞ்ச தூரம் சேர்ந்து ஓடி, பிறகு பிரிந்திருக்கும். இது அபூர்வம் அல்ல. நூறு பேரில் சுமார் பத்து முதல் இருபது பேருக்கு இப்படி இருக்கலாம். தைராய்டுக்கும் நாக்குக்கும் பொது மதகு இருப்பது இதைவிட அரிது. மூன்றும் ஒன்றாகக் கிளம்புவது அரிதிலும் அரிது. தைராய்டுக்குப் போகும் மேல் தமனி, வெளிக் கரோட்டிட்டுக்குப் பதிலாகப் பிரியும் இடத்திலிருந்தோ அதற்குக் கீழே பொதுக் கரோட்டிட்டிலிருந்தோ கிளம்புவது கணிசமானவர்களிடம் உண்டு.

திருநீலகண்டர் ஊரில் ஒரு கூடம்

பெரியபுராணத்தில் வரும் திருநீலகண்ட நாயனார் தில்லையில் வாழ்ந்த குயவர். அவரின் மனைவி இறைவனின் கழுத்தின் மேல் ஆணையிட்ட கதை எல்லோருக்கும் தெரிந்ததே. அதே சிதம்பரத்தில் மனிதக் கழுத்தைப் படிக்கவும் ஓர் இடம் இருக்கிறது. 1929-ல் அண்ணாமலை அரசரால் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், 1980-ல் பல் மருத்துவக் கல்லூரியும் 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டன. 2013-ல் பல்கலைக்கழகத்தை அரசு ஏற்றது. 'அரசுக் கல்லூரிக்கான கட்டணம்தான் வேண்டும்' என்று மாணவர்கள் நீண்ட நாள்கள் போராடிய பிறகு, 2021 தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறையின் கீழ் வந்தது. இப்போது அது கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரி.

இங்கே மட்டுமல்ல, எந்த மருத்துவக் கல்லூரியிலும் முதல் வருட மாணவருக்குக் கழுத்துதான் சோதனை. கையையும் காலையும் அறுத்துப் படிப்பது ஓரளவு எளிது. கழுத்தில் விரற்கடை அகலத்துக்குள் ஏகப்பட்ட விஷயங்கள். தோலை விலக்கி, தசையை ஒதுக்கி, கொழுப்பைச் சிறு இடுக்கியால் துளித் துளியாக அகற்றினால்தான் தமனி தெரியும். அவசரப்பட்டால் கிளை அறுந்துவிடும். பாடம் செய்யப்பட்ட உடலில் அறுந்தால் ஆசிரியரின் திட்டோடு போய்விடும். உயிருள்ள உடலில் அறுந்தால்? அதற்காகத்தான் இந்தப் பயிற்சியே.

'புத்தகத்தில் இல்லாத' அமைப்பு கண்ணில் பட்டால் அதை அளந்து, படமெடுத்து, எழுதி வைப்பது உடற்கூறியல் துறைகளின் பழைய பழக்கம். முதுநிலை மாணவர்களின் ஆய்வுத் தலைப்புகளில் பாதி இப்படிப்பட்டவைதான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். 'இதை எத்தனை தடவைதான் எழுதுவது' என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். ஆனால், நம் ஊர் அறுவை மருத்துவர் கத்தியை வைப்பது நம் ஊர்க் கழுத்தில். புத்தகப் படங்களோ பெரும்பாலும் ஐரோப்பிய உடல்களைப் பார்த்து வரைந்தவை. ஜப்பானில் பன்டாரோ அடாச்சி என்ற அறிஞர், ஜப்பானியரின் தமனிகளை மட்டும் வருடக்கணக்கில் ஆராய்ந்து 1928-ல் பெரும் நூலாகவே வெளியிட்டார்.

மீனின் செவுளில் இருக்கிறது ரகசியம்

ஏன் இந்த வித்தியாசம்? பதில் கடலூர் முதுநகர் மீன் மார்க்கெட்டில் இருக்கிறது. மீன் வாங்குபவர்கள் முதலில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்தால் புது மீன். செவுளுக்குள் வளைவு வளைவாக இருக்கிறதே, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ரத்தக்குழாய் உண்டு. தாயின் வயிற்றில் நான்கைந்து வாரக் கருவாக இருக்கும்போது நமக்கும் கழுத்துப் பகுதியில் அதே மாதிரி வளைவுகளும், அவற்றில் ரத்தக்குழாய்களும் தோன்றுகின்றன. நமக்குச் செவுள் வளர்வதில்லை. அதனால் அடுத்த சில வாரங்களில் சில குழாய்கள் மறைந்துவிடும். சில உருமாறும். மூன்றாவது வளைவின் குழாய்தான் பொதுக் கரோட்டிட் ஆகிறது. உள் கரோட்டிட்டின் ஆரம்பப் பகுதியும் அதிலிருந்து வருவதே.

கிளைகள் முளைக்கும்போது முதலில் இருப்பது மெல்லிய குழாய்களின் வலைப்பின்னல். எதில் ரத்தம் அதிகம் ஓடுகிறதோ அது பெருக்கும். ஓட்டம் குறைந்தது தூர்ந்துபோகும். வெள்ளத்தில் ஆறு தன் போக்கை மாற்றிக்கொள்வது போலத்தான். எனவே, கிளை இடம் மாறியிருப்பது நோயும் அல்ல, குறையும் அல்ல. அப்படி இருப்பவர்களுக்கு எந்த அறிகுறியும் இருக்காது. பலர் தெரியாமலேயே நூறு வயது வரை வாழ்ந்துவிடுவார்கள். 'எனக்கு எப்படி இருக்கிறது' என்று பார்ப்பதற்காக மட்டும் ஸ்கேன் சென்டருக்குக் காசு கொண்டுபோய்க் கொட்ட வேண்டியதில்லை.

விஷயம் தீவிரமாவது கத்தி பிடிக்கும்போதுதான்.

குரல் போனால்?

தைராய்டு ஆபரேஷனை எடுத்துக்கொள்வோம். 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். கையை வைத்தாலே ரத்தம் பெருகும் என்று பெரிய மருத்துவர்களே ஒதுங்கினார்கள். சுவிட்சர்லாந்தின் தியோடர் கோச்சர், ஒவ்வொரு ரத்தக்குழாயையும் பொறுமையாகக் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டு, மரணங்களை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். 1909-ல் அவருக்கு நோபல் பரிசு.

ஆனால், முடிச்சுப் போடும் இடத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. தைராய்டின் மேல் தமனியோடு ஒட்டியே ஒரு மெல்லிய நரம்பு இறங்குகிறது. இது நிஜமாகவே நரம்பு. குரல் நாணை இழுத்துப் பிடித்து உச்ச ஸ்தாயியைத் தருவது இதுதான். தமனி கிளம்பும் இடமும் போகும் கோணமும் மாறும்போது நரம்போடு அதன் உறவும் மாறலாம். நரம்பு சேதமானால் பேச்சு நின்றுவிடாது. ஆனால், மேல் ஸ்தாயி எட்டாது, சத்தமாகக் கூப்பிட முடியாது, குரல் சீக்கிரம் களைத்துவிடும். அமெலிதா கல்லி-குர்ச்சி என்ற புகழ்பெற்ற ஆபரா பாடகிக்கு 1935-ல் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. அதன்பின் பழைய குரல் திரும்பவில்லை. இந்த நரம்பு அறுந்ததே காரணம் என்று மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் உதாரணம் காட்டியது. பிற்காலத்தில் அதை மறுத்தவர்களும் உண்டு. ஆனாலும், தைராய்டு ஆபரேஷன் கற்கும் மாணவர்களுக்கு அவர் கதை இன்றும் பாடம்.

அண்ணாமலைநகர் வளாகத்திலேயே இசைக் கல்லூரி இருக்கிறது. 1941-ல் தமிழிசை மாநாடு நடந்த இடம் அது. பாடகர்களுக்கு மட்டும்தான் குரல் சொத்து என்றில்லை. வகுப்பெடுக்கும் டீச்சருக்கும், பேருந்து நிலையத்தில் 'வடலூர், நெய்வேலி, விருத்தாசலம்' என்று கூவும் நடத்துநருக்கும், மீன் கூடையோடு தெருவில் குரல் கொடுக்கும் பெண்ணுக்கும் குரல்தான் பிழைப்பு. தமனியை மொத்தமாகச் சேர்த்துக் கட்டாமல், தைராய்டு சுரப்பியை ஒட்டி ஒவ்வொரு கிளையாகப் பிரித்துக் கட்ட வேண்டும் என்று இன்று சொல்லித் தருவது இதற்காகத்தான்.

தொண்டைக்குள் துளையிட்டுச் சுவாசக் குழாய் வைக்கும் 'ட்ரக்கியாஸ்டமி'யிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. நூறில் சுமார் மூன்று முதல் பத்துப் பேருக்கு, தைராய்டுக்கு அடியிலிருந்து ஒரு கூடுதல் தமனி சுவாசக் குழாயின் நட்டநடுவே மேலேறி வரும். இருப்பது தெரியாமல் அதை வெட்டிவிட்டால் ரத்தம் சுவாசப்பாதைக்குள் இறங்கும்.

வாய்ப்புற்றுநோய் விஷயத்தில் இந்தக் கிளைகளின் மதிப்பு இன்னும் கூடுகிறது. புகையிலையும் குட்காவும் விளைவித்த நாக்குப் புற்று, கன்னப் புற்று ஆபரேஷன்கள் நம் நாட்டில் மிக அதிகம். புற்றை வெட்டியெடுத்த பள்ளத்தை மூட, முன்கையிலிருந்து தோலையோ, தாடை போயிருந்தால் காலிலிருந்து எலும்பையோ ரத்தக்குழாயோடு எடுத்து வந்து வைப்பார்கள். வந்த குழாயை எதோடு இணைப்பது? பெரும்பாலும் கழுத்தில் இருக்கும் முகத் தமனியோடு அல்லது மேல் தைராய்டு தமனியோடு. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் குழாய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். நாக்குக்கும் முகத்துக்கும் பொது மதகு இருக்கும் ஆளிடம், அது தெரியாமல் அடியில் கட்டிவிட்டால், முகத்துக்கான கிளையோடு நாக்குக்கான கிளையும் அடைபட்டுவிடும்.

'கழுத்துக்குள் கிளை விட்டால் அது வெளிக் கரோட்டிட், விடாவிட்டால் உள் கரோட்டிட்' என்பது அறுவை மருத்துவர்களின் அடையாள விதி. அதற்கும் விதிவிலக்கு உண்டு. அரிதாகச் சிலருக்குப் பின்தலைக்குப் போகும் தமனி, உள் கரோட்டிட்டிலிருந்தே கிளம்பும். மூளைக்குப் போவதை முகத்துக்குப் போவது என்று நினைத்துக் கட்டினால் பக்கவாதம்தான். டான்சில் ஆபரேஷனிலும் கவனம் வேண்டும். வழக்கமாக டான்சிலிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் உள் கரோட்டிட், சிலருக்கு வளைந்து நெளிந்து தொண்டைச் சுவரை ஒட்டியே வந்துவிடும்.

இன்று பெரிய ஆபரேஷன்களுக்கு முன் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து இந்த வரைபடத்தை முன்கூட்டியே பார்க்க முடிகிறது. பக்கவாத அறிகுறி வந்தவர்களுக்குக் கழுத்தில் டாப்ளர் ஸ்கேன் எடுப்பதும் சாதாரணமாகிவிட்டது. அந்த ரிப்போர்ட்டில் 'வேரியன்ட்' என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு, அதை வியாதி என்று நினைத்துத் தூக்கம் தொலைப்பவர்கள் உண்டு. 'பொவைன் ஆர்ச்' என்று எழுதியிருந்தால் கூகுளில் தேடி, மாடு படத்தைப் பார்த்துப் பயந்தே போவார்கள். இடது கரோட்டிட் மகாதமனியிலிருந்து தனியாகக் கிளம்பாமல், வலப்பக்கத்துக் குழாயோடு சேர்ந்து கிளம்புகிறது என்பதே அதன் பொருள். பத்துப் பேரில் ஒருவர், இருவருக்கு இருக்கும். வேடிக்கை என்னவென்றால், மாட்டுக்கு அப்படி இருப்பதே இல்லை. அதற்கு ஒரே குழாய்தான். யாரோ வைத்த தப்பான பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்கள் பழைய கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் எடுத்துப் போவது நல்லது. தைராய்டு ஆபரேஷன் என்றால், குரலை வைத்துப் பிழைப்பவர்கள் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

யாருடைய கழுத்து அது?

இத்தனை விவரமும் எப்படித் தெரிந்தது? 1844-ல் லண்டனில் ரிச்சர்ட் க்வைன் தமனிகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட உடல்களை அறுத்துப் பார்த்து எழுதியது. எத்தனை பேருக்கு எப்படி என்று கணக்கெடுத்த முன்னோடி நூல்களில் அதுவும் ஒன்று. அவ்வளவு உடல்கள் எங்கிருந்து வந்தன? அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்வரை பிரிட்டனில் கல்லறையைத் தோண்டிப் பிணம் திருடி விற்றார்கள். 1828-ல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்றே விற்ற விவகாரம் வெடித்தது. 1832-ல் சட்டம் வந்தது. அதன்பின், கேட்பாரற்ற ஏழைகளின் உடல்கள் கல்லூரிகளுக்குப் போயின.

இந்தியாவில் 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா பிணத்தைத் தொட்டு அறுத்தது பெரும் சாதி மீறலாகப் பேசப்பட்டது. (ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணை கட்டியதும் அதே 1836-ல்தான்.) தமிழ்நாட்டில் 1951-ல் வந்த உடற்கூறியல் சட்டம், உரிமை கோர யாருமில்லாத உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்குத் தர வழி செய்தது. பேருந்து நிலையத்திலும் கோயில் வாசலிலும் கிடந்து, அரசு மருத்துவமனையில் உயிர்விட்டு, யாரும் வந்து கேட்காத மனிதர்கள். நம் மருத்துவர்கள் பலருக்கும் கழுத்தின் வரைபடத்தைச் சொல்லித் தந்தவர்கள் அவர்கள். பெயர்கூடத் தெரியாத அந்த உடலைத்தான் 'முதல் ஆசிரியர்' என்று சொல்லி, கத்தியெடுப்பதற்கு முன் மாணவர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள். இருந்தபோது கண்டுகொள்ளாதவரை இறந்தபின் ஆசிரியர் ஆக்குவதில் கொஞ்சம் குற்ற உணர்வும் கலந்திருக்கத்தான் வேண்டும்.

இப்போது தேவை கூடியிருக்கிறது. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. கடலூருக்குப் பக்கத்திலேயே கள்ளக்குறிச்சி, அரியலூர், நாகப்பட்டினம் என மூன்று. ஒவ்வொன்றிலும் உடற்கூறியல் கூடம் உண்டு. ஒரு மாணவர் நான்கைந்து கழுத்துகளைப் பார்த்தால்தான் 'புத்தகத்தில் இருப்பது ஒரு மாதிரிதான்' என்பது மனதில் பதியும். திரையில் முப்பரிமாணப் படம் காட்டலாம், நல்ல விஷயம்தான். ஆனால், படத்தில் எல்லோருக்கும் எட்டுக் கிளைதான்.

உடல் தானம் செய்பவர்கள் முன்பைவிட இன்று அதிகம் கண்ணில் படுகிறார்கள். சென்னையில் பிறந்த சீதாராம் யெச்சூரியின் உடல் 2024-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குத் தரப்பட்டது. மேற்கு வங்க முன்னாள் முதல்வர் ஜோதிபாசுவின் உடலும் 2010-ல் அப்படித்தான் தரப்பட்டது. ஆனாலும், நம் ஊரில் உறுப்பு தானத்தையும் உடல் தானத்தையும் ஒன்றென்று குழப்பிக்கொள்பவர்களே அதிகம். மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகம், கல்லீரல், இதயம் போன்றவற்றை இன்னொருவருக்குப் பொருத்துவது உறுப்பு தானம். 2023 செப்டம்பரில் முதல்வர் அறிவித்த அரசு மரியாதை அவர்களுக்கானது. இறந்தபின் முழு உடலையும் படிப்புக்காகக் கல்லூரிக்குத் தருவது உடல் தானம். கண்களை மட்டும் தானம் செய்துவிட்டு உடலையும் தரலாம், அதில் தடை இல்லை. பிரேதப் பரிசோதனை செய்யப்பட்ட உடல்களையும், சில தொற்றுநோய்களால் இறந்தவர்களின் உடல்களையும் பொதுவாகக் கல்லூரிகள் ஏற்பதில்லை.

விருப்பமுள்ளவர்கள் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கலாம். சாட்சிக் கையெழுத்து தேவைப்படும். அதைவிட முக்கியம், வீட்டில் சொல்லிவைப்பது. உயிரோடு இருந்தபோது கையெழுத்துப் போட்டிருந்தாலும், இறந்த பிறகு மகனோ மகளோ மனைவியோ கல்லூரிக்குத் தகவல் சொல்லி, சம்மதித்து, இறப்புச் சான்றோடு உடலை ஒப்படைத்தால்தான் அது கூடத்துக்குப் போகும். பீரோவுக்குள் பத்திரமாக மடித்து வைத்த படிவம், பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவைத் திறக்கும்போது கிடைத்தால் பயனில்லை.